மெல்ட்டன் மோப்ரே போர்க் பை: உள்ளே ஏன் சாம்பல் நிறம்?

பொன்வண்டு:
இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தின் மெல்ட்டன் மோப்ரே போர்க் பையை (pork pie, மாவு ஓட்டுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுடும் பண்டம்) வெட்டினால் கறி சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மற்ற ஊர்ப் பைகளில் இளஞ்சிவப்பு. இது பழசா, வேகாததா? வீட்டில் செய்யும்போது உள்ளே ஊற்றும் ஜெல்லி ஒழுகாமலிருக்க என்ன வழி? அந்தப் பக்கம் ஒரு நாள் கிடைத்தால் பாஸ்வொர்த் போர்க்களம் போகலாமா, மெல்ட்டனா?

கரிச்சான்:
சாம்பல்தான் சரி. மெல்ட்டனில் பதப்படுத்தாத பச்சைக் கறியைத்தான் போடுவார்கள். நைட்ரைட் உப்பு போட்டுப் பதப்படுத்திய கறிதான் வெந்த பிறகும் சிவப்பாகவே நிற்கும். அச்சு வளையம் இல்லாமல் சுடுவதால் பக்கங்கள் தொந்தி தள்ளியிருக்கும். 2009ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த இலக்கணத்துக்குத்தான்.

செய்முறை: மைதா 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன். பன்றிக் கொழுப்பு 150 கிராமை 170 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, மாவு தடவிய ஜாடியைச் சுற்றிச் சுவராக ஏற்றுங்கள். ரொம்பச் சூடாக இருந்தால் சரியும், ஆறிவிட்டால் விரிசல் விடும். ஃப்ரிட்ஜில் இறுகியதும் ஜாடியை உருவிவிடலாம். தோள்பட்டைக் கறி 800 கிராமைக் கத்தியால் பொடியாக நறுக்கி (மெஷினில் அரைத்தால் கூழ்தான்), உப்பு 12 கிராம், தாராளமாக வெள்ளை மிளகுத்தூள் சேர்த்து நிரப்புங்கள். அதே மாவில் செய்த மூடியின் ஓரத்தில் முட்டை தடவி ஒட்டி, நடுவில் துளை விடுங்கள். 200 டிகிரியில் அரை மணி, பிறகு 170ல் ஒரு மணிக்கு மேல். நடுக்கறி 75 டிகிரி தொட வேண்டும்.

நாடோடி:
ஜெல்லிக்கு: பன்றிக்கால் சாற்றை மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வெந்த கறி சுருங்கி விடும் இடைவெளியை நிரப்பத்தான் இது. பை ஆறிய பிறகு, வெதுவெதுப்பான சாற்றைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான பையில் ஊற்றினால் மாவு ஊறிப் பிசுபிசுக்கும். கசியும் இடத்தை வெண்ணெயால் அடைத்துக் குளிரவைத்து, இறுகியதும் மீதியை ஊற்றலாம்.

இந்தப் பை இங்கே வேரூன்றியதற்குக் காரணம் சீஸ். சீஸ் செய்து மிஞ்சும் பால் தெளிநீரைக் குடித்தே அந்த வட்டாரப் பன்றிகள் கொழுத்தன. நரி வேட்டைக்கு வந்த பிரபுக்கள் அந்தப் பையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனதால் பெயர் பரவியது. ஸ்டில்ட்டன் சீஸையும் லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், நாட்டிங்ஹம்ஷயர் என்ற மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்ட்டன் கிராமம் இந்த மூன்றிலும் இல்லை!

கரிச்சான்:
பயணத்துக்கு என் ஓட்டு மெல்ட்டனுக்கே, அதுவும் செவ்வாய்க்கிழமை. அன்றுதான் சந்தை, லெஸ்டரிலிருந்து நேர் ரயில் உண்டு. பாஸ்வொர்த்துக்குக் கார் இல்லாமல் அலைச்சல். அங்கே பார்வையாளர் மையம் ஆம்பியன் குன்றில் இருக்கிறது, ஆனால் 1485ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் விழுந்த போர் நடந்தது தென்மேற்கே வயல்வெளியில் என்று தொல்லியலாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அவர்மேல் ஆர்வம் இருந்தால் லெஸ்டர் நகரத்துக்குள்ளேயே போதும்: 2012ல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவர் எலும்புக்கூடு கிடைத்த இடமும், 2015ல் மறுபடி அடக்கம் செய்த கதீட்ரலும் எதிரெதிரே.