94-இல் நின்றுபோன வேகம்: கம்பிவழி ரூட்டர் வாங்கிய அனுபவம்

தெற்கு மாசி வீதிப் பக்கத்திலிருந்து:

எங்கள் வீடு மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர், கனம் ஒன்றரை அடி. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். ஆனால் முன்கட்டில் இருக்கும் வைஃபை மாடியறைக்குப் போய்ச் சேர அப்படிப்பட்ட மூன்று சுவர்களைத் தாண்ட வேண்டும். அந்த அறையில்தான் என் மனைவி வீட்டிலிருந்தபடி அலுவலக வேலை பார்க்கிறாள். வீடியோ கூட்டத்தின் நடுவே படம் உறைந்து நிற்கும். "கேட்கிறதா, கேட்கிறதா?" என்று அவள் கேட்பது கீழே அடுப்படி வரை வரும்.

கேபிள் இழுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பழைய ரூட்டரிலிருந்து மாடிக்குக் கேபிள் கொண்டுபோய்க் கொடுத்தார். கூட்டம் தடைபடுவது நின்றது. ஆனால் நாங்கள் பணம் கட்டுவது 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) திட்டத்துக்கு. சோதித்தால் வருவது 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. நெரிசலால் குறையும் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். இப்படி ஆணி அடித்தாற்போல் நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது என்று பொருள். அந்த 100-இல் தகவலைச் சுமந்து செல்லும் உறைகளுக்கான பங்கு போக நம் கைக்கு வருவது 94, 95தான்.

லேப்டாப்பை நேரே இணையக் கம்பெனி மாட்டிய ஃபைபர் பெட்டியில் செருகினேன். 190-ஐத் தாண்டியது. பரணில் கிடந்த பழைய ரூட்டரின் அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். முன்புறம் 300 என்று பெரிய எழுத்து. அது வைஃபைக்கான கணக்கு. பின்புறம் பொடி எழுத்தில் "10/100", அதாவது போர்ட்டின் உச்ச வேகம் 100. எட்டு வருடமாக அந்த வரியை நான் படித்ததே இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அண்ணே, ஆறு ஆன்டெனா வைத்தது வந்திருக்கிறது, இதை எடுத்துக்கொள்ளுங்கள்." ஆறு ஆன்டெனா இருந்தாலும் ஒன்றரை அடிச் சுவர் ஒன்றரை அடிச் சுவர்தானே! எனக்கு வேண்டியது ஜிகாபிட் போர்ட், அதாவது 1,000 எம்பிபிஎஸ் தாங்குவது. "வைஃபை வேண்டாம் தம்பி. ஐந்து போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்கிற கம்பி ரூட்டர் இருக்கிறதா?" என்று மூன்றாவது கடையில் கேட்டபோது, அந்தப் பையன் உள் அலமாரியிலிருந்து மைக்ரோடிக் ஹெக்ஸ் ஒன்றை எடுத்து வைத்தான். உள்ளங்கை அகலம்தான். லாட்வியா நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. நான் ஒதுக்கியிருந்த 6,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஒரு எச்சரிக்கை: ஹெக்ஸ் லைட் என்ற பெயரில் அதன் தம்பி ஒன்று உண்டு. விலை குறைவு, ஆனால் போர்ட்டுகள் 100-தான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கீழே 190. மாடியில் மறுபடியும் 94!

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் மாடியறை முனையில் இருந்த ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி பிளக்கின் நுனி வரை வராமல் பாதியிலேயே நின்றிருந்தது. 100 எம்பிபிஎஸ் ஓட ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒன்று செத்தாலும், எதுவும் கெட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இரு முனைகளும் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடுகின்றன.

பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். சுரண்டச் சுரண்ட உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். இரண்டு முறை வளைத்ததும் முறிந்தது. உள்ளுக்குள் அப்படி ஒரு கோபம் வந்தது. முழுச் செம்பில் செய்த, கேட் 6 (Cat 6) தரக் கேபிள் 25 மீட்டர் வாங்கி, இந்த முறை நானே இழுத்தேன். அதற்குக் கீழ்த் தரமான கேட் 5இ-யே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கடையில் நல்ல செம்பில் கிடைத்தது கேட் 6 என்பதால் அதை எடுத்தேன். இப்போது மாடியிலும் 190.

பழைய ரூட்டரை வீணாக்கவில்லை. கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியை மாற்றி, லேன் போர்ட்டில் கேபிள் செருகி, கைப்பேசிகளுக்கான வைஃபை பெட்டியாகக் கூடத்தில் வைத்துவிட்டேன்.

திருமங்கலத்திலிருந்து:

அண்ணா, கேபிளை வீட்டுக்குள்ளேயே இழுத்தவரை சரி. வெளியே இழுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். வீட்டுக்கும் தேங்காய்க் கிட்டங்கிக்கும் நடுவே 70 மீட்டர். கேமராக்களுக்காக லேன் கேபிளைத் தென்னை மரங்களின் மேலேயே கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு ஐப்பசி இரவு, இடி. வீட்டின் மேல் விழவில்லை, எங்கோ பக்கத்துத் தோட்டத்தில். காலையில் பார்த்தால் ரூட்டரின் போர்ட் ஒன்று செத்திருந்தது, கிட்டங்கியில் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் ஸ்விட்ச் பெட்டி முழுவதும் செத்திருந்தது. அவ்வளவு நீளச் செம்புக் கம்பி அருகில் விழும் இடியால் எழும் திடீர் மின்பாய்ச்சலை வாங்கிக்கொள்ளும். புது ரூட்டர் வாங்கி அடுத்த மழைக்கு அதையும் பறிகொடுத்தேன். இப்போது நடுவில் ஃபைபர் கேபிள், இரு முனையிலும் ஒளியையும் மின்சாரத்தையும் மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ரூட்டருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழித்திருக்க வேண்டும்.

சமயநல்லூரிலிருந்து:

எங்கள் வீட்டில் இரண்டு இணைப்புகள். அக்கா இணையவழி டியூஷன் எடுக்கிறார், ஒன்று அறுந்தால் மற்றது வேண்டும். இரண்டையும் ஏற்கிற டிபி-லிங்க் இஆர்605 ரூட்டர் வாங்கினோம். அதுவும் ஜிகாபிட்தான். வாங்கும்போது 100-உம் 100-உம் சேர்ந்து 200 ஆகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகாது. ஒரு பதிவிறக்கம் ஏதாவது ஒரு வழியில்தான் போகும். பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் சுமை பிரியும். சில வங்கித் தளங்கள் நம் இணைய முகவரி நடுவில் மாறினால் வெளியேற்றிவிடவும் செய்கின்றன. அதனால் ஒன்றை முதன்மையாகவும் மற்றதை மாற்றாகவும் வைத்துவிட்டோம். போன வாரம் தெருவில் குழி தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. வகுப்பு சில வினாடிகள் நின்று தொடர்ந்தது. இணைப்பு மாறியது பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை.

விளாங்குடியிலிருந்து:

ஐயா, கம்பெனிக்காரர் மாட்டிய பெட்டியிலேயே நான்கு போர்ட்டுகள் இருக்கின்றன. எனக்குத் தனி ரூட்டர் அவசியமா?

மீண்டும் தெற்கு மாசி வீதிப் பக்கத்திலிருந்து:

உங்களுக்கு ஒருவேளை அவசியமே இருக்காது. முதலில் அந்த நான்கில் எது ஜிகாபிட் என்று பாருங்கள். பல பெட்டிகளில் ஒன்று மட்டும் ஜிகாபிட்டாகவும் மற்றவை 100-ஆகவும் இருக்கும். லேப்டாப்பை ஒவ்வொன்றிலும் செருகி, நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீட் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டுகிற போர்ட்டில் ஒரு ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் மாட்டினால் போதும். ரூட்டர் விலையில் சிறு பங்குதான் ஆகும். வீட்டுக்குள் கேபிள் பிரிப்பதற்கு அதுவே வேலை செய்யும். இரண்டாவது இணைப்பு, பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, கேமராவுக்குத் தனி வலை என்று ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் ரூட்டருக்குப் போங்கள்.

போனால், கம்பெனிப் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்; அப்போது அது இணைப்பை அப்படியே நம் ரூட்டருக்குக் கடத்திவிடும். ரூட்டர் நேரடியாக இணையத்தில் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், கம்பெனி தன் வலைக்கு வைத்திருக்கும் விலேன் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எனக்கு அது கிடைக்க நான்கு முறை தொலைபேசியில் மன்றாட வேண்டியிருந்தது. அதுவரை இரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைய முகவரியை மாற்றிக்கொண்டு, வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாமல் கிடந்தது.

ஒன்று விட்டுப்போனது. மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். நான் வாங்கிய ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் என்பதால், ஃபைபர் பெட்டிக்கு வாங்கிய 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸின் இரண்டாவது முனையையே இதற்குக் கொடுத்துவிட்டேன். எல்லா ரூட்டரும் அப்படி இல்லை. 9 வோல்ட் கேட்பதில் 12-ஐச் செருகிவிடாதீர்கள். நேற்று மாலை இரண்டு மணி நேரம் மின்வெட்டு. நான் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது, என் மனைவி லேப்டாப் வெளிச்சத்தில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.