மறு: பொம்மை வீட்டுச் சன்னலில் மேலேறும் சட்டத்துக்கு ஒரு சொல்

மண்டபம் ஊரில் எங்கள் பள்ளிக் கைவினை வகுப்புக்குப் பொம்மை வீட்டுப் பெட்டி வந்திருக்கிறது. அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:12 அளவு. செய்முறைத் தாளின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சன்னலின் கீழ்ப்பாதிச் சட்டம் பக்கக் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், மேலும் கீழும் போய்வருகிறது. அதற்கு ஆங்கிலப் பெயரான 'சாஷ்' என்று போட மனம் வரவில்லை. உதவுங்கள்.

*

அம்மா, முதலில் 'சன்னல்' போகட்டும். போர்த்துக்கீசிய ஜனெலா அது. சாளரமும் வடமொழி. சிலம்பில் 'மான்கண் காலதர்' இருக்கிறது: கால் காற்று, அதர் வழி. நெடுநல்வாடை தென்றல் வரும் சன்னலை 'நேர்வாய்க் கட்டளை' என்கிறது. 'ஏறுகாலதர்' என்று வையுங்கள்.

*

ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியாது. அம்மா கேட்டதும் சட்டத்துக்குத்தான், சன்னலுக்கு அல்ல. பாம்பனில் 1914ஆம் ஆண்டு ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து விரிந்துவந்தது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தளம் கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலே போகிறது. இந்தச் சட்டமும் அப்படித்தான். 'தூக்குச்சட்டம்' போதும்.

*

பிள்ளைகள் படிக்கும் தாளில் 'தூக்கு' வேண்டாம் தம்பி. 'ஓடுசட்டம்' என்கிறேன். பெயர் எதுவானாலும் தாளில் இதைச் சேருங்கள்: பசை தடவுமுன் சட்டத்தைக் காடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காடிக்குள் போகும் விளிம்பில் பெயின்ட் கூடாது. அந்தப் பூச்சின் கனமே சட்டத்தை இறுக்கிவிடும். உப்புத்தாளால் மரத்தின் ரேகைப் போக்கில் தேய்த்து, காடியில் மெழுகுவர்த்தியை உரசினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கண்ணாடித் தகடு கடைசியில். நம் கரையில் ஐப்பசி மழைக்கு மரம் உப்பும், கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

*

கீழக்கரைக் காக்கா (அண்ணா), வீடு கட்டும் தாளில் 'ஓடுசட்டம்' என்றால் கூரை ஓடு வேயும் சட்டம் என்று படிப்பார்களே. 'நகர்சட்டம்'?

*

கூரைக்கானது 'ஓட்டுச்சட்டம்'. இது வினைத்தொகை, ஓடிய, ஓடுகிற, ஓடும் சட்டம். வல்லினம் மிகாது. 'நகர்' என்றாலும் ஊர் என்று ஒருவர் கிளம்புவார்.

*

பலரும் 'ஓடுசட்டம்' பக்கம் நிற்பதால் அதையே போடுகிறேன். மெழுகும் இடைவெளியும் தனிக் கட்டத்தில் வரும்.

*

ஓடுசட்டத்துக்குத் தடையில்லை. ஆனால் அது ஓடுவது காலதரில். 'சன்னல்' என்று அச்சேறுவதை நான் ஏற்கவில்லை.