முகிலன் வாங்க நினைக்கும் வாடகை வீடு: எங்கள் குடும்பக் குழுவில்

முகிலன்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாம் என்று யோசனை. அதற்கு முன் இந்தத் தொழிலைச் சொல்லித்தரும் இரண்டு நாள் வகுப்பில் சேரட்டுமா? கட்டணம் அதிகம்தான். ஆனால் ஒரே வருடத்தில் வேலையை விட்டுவிடலாம் என்கிறார்கள்.

கல்பனா அத்தை: சேராதே முகில். ஒரு வருடத்தில் வேலையை விடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதே. அந்தப் பணம் உன் முதல் வீட்டின் ரிப்பேர் செலவுக்கு வேண்டியிருக்கும்.

முகிலன்: அப்புறம் எங்கேதான் கற்றுக்கொள்வது அத்தை? புத்தகம் நிறையப் படித்துவிட்டேன்.

கல்பனா அத்தை: படித்தது வீண் போகாது. ஆனால் இந்தத் தொழில் ஆட்களிடம்தான் இருக்கிறது. நான் வீடு வாங்குவதற்கு முன்னால், வாடகை வீடுகள் வைத்திருந்த ஒரு அம்மாவோடு வெகுநாள் கூடவே திரிந்தேன். வீடு காலியானால் சாவியை என்னிடம் தருவார், பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவேன். காலி செய்கிறவரிடம் காரணம் கேட்கச் சொல்வார். குடியிருக்கிறவர் சொல்லத் தயங்குவதைக் காலி செய்கிறவர் சொல்லிவிடுவார். எந்த வீட்டில் தண்ணீர் ஏறாது, எந்த மாடியில் வெயில் தாங்காது, எந்த அறையில் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கும், எல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் தெரிந்தது.

அப்பா: அக்கா, ஒரு வீடு வந்திருக்கிறது, இந்த வாரம் முடிவு சொல்லுங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். அதனால்தான் இவனுக்குப் பதற்றம்.

கல்பனா அத்தை: விற்றால்தான் தரகருக்குக் கூலி, அவர் அவசரப்படுத்தத்தான் செய்வார். நாம் அவசரப்பட வேண்டியதில்லை. முகில், வாடகைக் கணக்குப் பார்த்தாயா? தொகை வேண்டாம், விகிதம் சொல்.

முகிலன்: ஒரு வருட வாடகை, விலையில் 4 சதவீதம் வரும். விலையில் 80 சதவீதம் கடன். வட்டி 9 சதவீதம், 20 வருடம்.

கல்பனா அத்தை: சரி, விலையை 100 என்று வைத்துக்கொள். கடன் 80. தவணை மட்டும் வருடத்துக்கு 8.6 ஆகும். வாடகை 4. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் வருட வாடகையில் 12இல் ஒரு பங்கு போய்விடும். வரி, காப்பீடு, வர்ணம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் கழித்தால் 3 நிற்பதே பெரிது. மீதி 5.6ஐ வருடா வருடம் உன் சம்பளத்திலிருந்து போடுவாய். நடுவில் வேலை போனால் என்ன செய்வாய்?

முகிலன்: விலை ஏறினால் அது ஈடுகட்டிவிடாதா?

யாழினி: ஏறலாம், இறங்கவும் செய்யலாம். உன் கைக்காசு 20தான். விலை 10 சதவீதம் இறங்கினாலே அதில் பாதி கரைந்துவிடும். 2008ஐ ஒட்டி அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் சிக்கின. விலை இறங்கவே இறங்காது என்று வங்கிகளும் அள்ளிக் கொடுத்தன. இறங்கியபோது வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. விற்றாலும் கடன் அடையவில்லை.

கல்பனா அத்தை: வாடகையும் உன் சம்பளமும் தாங்குகிற கடனாக இருக்கட்டும். விலை ஏறினால் அது தனி வரவு.

செந்தில் சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். முகில், அந்த வீட்டைப் போய்ப் பார்த்தாயா?

முகிலன்: பார்த்தேன் சித்தப்பா. புதுசாக வர்ணம் அடித்து நன்றாகத்தான் இருக்கிறது.

செந்தில் சித்தப்பா: எல்லாச் சுவருக்கும் அடித்திருந்தார்களா, ஒரு சுவருக்கு மட்டுமா?

முகிலன்: படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. குளியலறையை ஒட்டிய சுவர்.

செந்தில் சித்தப்பா: அதைத்தான் கேட்கிறேன். அந்தச் சுவரின் அடிப்பக்கம் கையை வைத்துப் பார். வெள்ளையாக உப்புத்தூள் ஒட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. வர்ணம் அதைச் சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான். அப்புறம் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார். சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லை என்றால் தொட்டி மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பெரிய விரிசல் ஓடினால் கட்டட என்ஜினியரைக் கூப்பிடாமல் முன்பணம் கொடுக்காதே. மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். மழை பெய்யும்போது ஒரு முறை, இரவில் ஒரு முறை போ.

முகிலன்: இவ்வளவையும் பார்த்ததும் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை காலம் ஆகுமோ.

செந்தில் சித்தப்பா: வாங்காத வீடுகளையும் பார்த்துக்கொண்டே இரு, கண் பழகிவிடும். எங்கள் பிளம்பர் வேலைக்குப் போகும்போது உன்னைக் கூட்டிப் போகச் சொல்கிறேன். சுவரை உடைத்துப் பார்க்கிறவர் அவர். எது சின்ன வேலை, எது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை என்று அவரிடம் கேட்டுக்கொள். எலக்ட்ரீஷியன் ஒருவரும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் குடித்தனக்காரர் கூப்பிடும்போது புது ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

யாழினி: பத்திரத்தை மறந்துவிடாதே. விற்கிறவர் பெயரில்தான் வீடு இருக்கிறதா, அவருக்கு அது எப்படி வந்தது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா, அடமானம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வக்கீலை நீயே தேடிக்கொள். விற்கிறவரோ தரகரோ காட்டும் வக்கீல் வேண்டாம்.

முகிலன்: என் நண்பன் பாதிப் பாதியாகப் போட்டு வாங்கலாம் என்கிறான். அப்படிச் செய்தால் பாரம் குறையுமே.

யாழினி: குறையும். ஆனால் பிரிகிற விதத்தை முதலிலேயே எழுதி வையுங்கள். ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டுமானால் மற்றவர் எந்த விலைக்கு வாங்க வேண்டும், ரிப்பேர் செலவை யார் போடுவது, ஒருவர் தவணை கட்டாவிட்டால் என்ன செய்வது, எல்லாம். பேசக் கூச்சமாக இருந்தால் சேர்ந்து வாங்கவே வேண்டாம்.

அப்பா: பழகு, பழகு என்கிறீர்கள். பழக்கத்தை வைத்துத்தானே ஏமாற்றுகிறார்கள்? முதலீட்டாளர் கூட்டம் என்று போனால் பாதிப்பேர் எதையாவது விற்கத்தான் வருகிறார்கள்.

கல்பனா அத்தை: நியாயமான பயம்தான் தம்பி. நான் ஒன்றைப் பார்ப்பேன். லாபத்தை மட்டும் பேசுகிறவரிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். எந்த வீட்டில் எவ்வளவு போனது, எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று கணக்கோடு சொல்கிறவரோடு பழகுவேன். அவரிடமும் பணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. அவர் சொன்னதை இன்னும் இருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். முகில், கேட்க மட்டும் போகாதே. அவர்களுக்கு உன்னால் ஆனதைச் செய். வாடகைக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடு, விளம்பரத்துக்குப் படம் எடுத்துக் கொடு. எனக்குச் சொல்லித்தந்த அம்மாவுக்கு நான் அவருடைய ரசீதுகளை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே எந்த வீடு சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று புரிந்துவிட்டது.

முகிலன்: அப்படியானால் இந்த வீட்டுக்கு என்ன சொல்ல?

கல்பனா அத்தை: அந்தச் சுவரையும் மீட்டரையும் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன் என்று தரகரிடம் சொல். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும்.

செந்தில் சித்தப்பா: சனிக்கிழமை காலை நானும் வருகிறேன். டார்ச் கொண்டு வா, தொட்டிக்குள் பார்க்க வேண்டும்.

முகிலன்: சரி சித்தப்பா. அத்தை, உங்களுக்குத் தெரிந்த தரகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வேறு வீடுகளையும் பார்க்கிறேன்.

கல்பனா அத்தை: ஒருவர் இருக்கிறார், எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். இப்போதைக்கு வாங்கப் போவதில்லை, பார்த்துப் பழகத்தான் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. அவருடைய நேரமும் காசுதான்.