கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸ் கிறிஸ்தவப் பாடல்கள் பக்கம் போனது: நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

நான் 2003 தொடக்கத்தில் வேலைக்காக வட கரோலினா போனவன். வாங்கிய பழைய காரில் கேசட் போட்டால் டேப்பைச் சுற்றிக்கொள்ளும், அதனால் ரேடியோதான், அதிலும் கன்ட்ரி, அதாவது அமெரிக்க கிராமத்துப் பாணிப் பாட்டு போடும் ஸ்டேஷன் ஒன்றுதான் இரைச்சல் இல்லாமல் வரும். ஒரு நாள் காலையில் அடித்தொண்டைக் குரலில் ஒருவர் கதை சொல்வதுபோல் பாடுகிறார். ஒரு விவசாயி, ஒரு டீச்சர், ஒரு பாலியல் தொழிலாளி, ஒரு பிரசங்கியார், நாலு பேரும் மெக்சிகோ போகிற பஸ்ஸில். விபத்து. சாலையோரத்தில் சிலுவை மூன்றுதான். பிழைத்தது யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், "த்ரீ வுடன் கிராஸஸ்" என்ற அந்தப் பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டு முடியும்வரை இறங்கவே இல்லை.

ஆபீஸில் பக்கத்து சீட் வெள்ளைக்காரர்தான் பாடியவர் ராண்டி டிராவிஸ் என்று சொன்னார். இதே வட கரோலினாவில் மார்ஷ்வில் என்ற ஊர்ப் பையனாம், சின்ன வயதில் போலீஸ் வழக்கு என்று அலைந்தவர், கன்ட்ரி பாட்டுக்குப் பெயர்போன நாஷ்வில் நகரம் போய் ஒரு கிளப்பில் சமைத்து, பாத்திரம் கழுவி, அங்கேயே பாடி, 1986ல் முதல் பெரிய ஆல்பம். அதன்பிறகு காதல் பாட்டுகளாக ஹிட். 2000ல்தான் பக்திப் பாட்டு ஆல்பம் பக்கம் வந்திருக்கிறார். நான் கேட்ட பாட்டு அதே 2003 மே மாதம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், வெளியிட்டது வேர்ட் என்ற கிறிஸ்தவ இசை நிறுவனம்!

*

அண்ணா, எனக்கு அவ்வளவு உருக்கம் வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஹிட் குறைந்துவிட்டது, அப்புறம்தான் இந்தப் பக்கம். 2012ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதான செய்தியைப் படித்ததும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாதிப் பேர் அவர் சிடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். நானும்தான். ஆனால் குரல்? அது வேறு விஷயம், குறை சொல்ல முடியாது.

*

மறுபடியும் நான்தான், கேள்வி கேட்டவன். நீங்கள் சொல்வதும் சரிதான். ஆனால் அவர் முழுசாக மாறினார் என்றே எனக்குத் தோன்றவில்லை. காதல் பாட்டோ கர்த்தர் பாட்டோ, அதே ஸ்டீல் கிட்டார், அதே இழுப்பு.

2013ல் பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்டது. 2024ல் அவருடைய பெயரில் நடந்த கச்சேரிக்கு மனைவியோடு போனேன். பாட்டெல்லாம் ஜேம்ஸ் டுப்ரே என்ற பாடகர் பாடினார், இவர் மேடையில் சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய 1987 காதல் பாட்டு ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான் முடிப்பார்களாம், எனக்கு அது தெரியாது. கடைசிச் சொல்லுக்கு டுப்ரே நிறுத்திக்கொண்டார், மைக் இவர் பக்கம் போனது. கொஞ்சம் தடுமாறி, ஆனால் அதே அடித்தொண்டையில், "ஆமென்" என்றார். பாட்டின் பெயரே "ஃபாரெவர் அண்ட் எவர், ஆமென்", இத்தனைக்கும் அது பக்திப் பாட்டே இல்லை. என் மனைவிக்கு ஆங்கிலப் பாட்டு என்றாலே ஆகாது, முதலில் எழுந்து நின்றது அவள்தான்.