மொரீசியசில் விண்வெளித் துறையினருக்கு ஒரு மாலைச் சந்திப்பு: எப்படித் தொடங்கலாம்?

எபேன்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எபேனில் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் பணியில் இருக்கிறேன். நம் தீவின் முதல் செயற்கைக்கோளான மிர்சாட்-1, 2021 ஜூன் 22 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடமான கிபோவிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதைப் பற்றி இன்றும் என்னிடம் ஆவலோடு விசாரிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரெதுயியில் பல்கலைக்கழக மாணவர்களும் கூப்பிடு தூரத்தில் எபேனில் பொறியாளர்களும் இருந்தும், இரு தரப்பும் கலந்து பேச வாய்ப்பே அமைவதில்லை. மேடையும் பொன்னாடையும் இல்லாமல், மாதம் ஒருமுறை கூடிப் பேசும் ஒரு சந்திப்பைத் தொடங்க விரும்புகிறேன். யாரை அழைக்கலாம், எப்படி நடத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிக்க நன்றியுடையவனாக இருப்பேன்.

பிராதோ அன்பர் எழுதியது:

நல்ல முயற்சி, தம்பி. யாரை அழைப்பது என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. செயற்கைக்கோள் செய்பவர்களை மட்டும் அழைத்தால் நம் தீவில் ஒரு மேசைகூட நிறையாது. விண்ணிலிருந்து வரும் தரவை நம்பி வேலை செய்பவர்களையும் அழைத்தால் கூடம் நிறைந்துவிடும். வாக்குவாவில் புயலின் போக்கைக் கணிப்பவர்கள், கடலோரக் காவலர்கள், கரும்புத் தோட்ட நிர்வாகிகள், பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலியினர் ஆகிய அனைவரும் இத்துறையைச் சேர்ந்தவர்களே என்பது என் உறுதியான கருத்து. 2020-இல் வகாஷியோ கப்பல் பவளத்திட்டில் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது, அது காயலில் பரவிய விதத்தை மேலிருந்து காட்டியவை செயற்கைக்கோள் படங்கள்; கரையில் நின்று, கரும்புத் தோகையைத் துணியில் அடைத்து மிதவைத் தடுப்புகள் தைத்தவர்கள் நம் மக்கள். அந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்தவரும் அந்தத் தடுப்பைக் கடலில் இழுத்துக் கட்டிய மீனவரும் எதிரெதிரே அமர்ந்து பேசினால், எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காத பாடம் இருவருக்கும் கிடைக்கும்.

பிராதோவில் உள்ள, விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பதியும் வானொலித் தொலைநோக்கியை நீங்கள் பார்த்திருக்கலாம். கிழக்கு மேற்காக இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக 1024 சுருள் அலைவாங்கிகள் அசையாமல் நின்றன. தெற்கே 880 மீட்டர் தண்டவாளத்தில் அலைவாங்கிகளைத் தாங்கிய 15 தள்ளுவண்டிகள் இடம் மாறின. ஓரிடத்தில் வைத்து அளந்த பின் வண்டிகளை நகர்த்தி மீண்டும் அளந்து, இப்படிப் பல நாட்களின் பதிவுகளைச் சேர்த்த பிறகுதான் வானத்தின் ஒரு படம் உருவானது. இத்தகைய பணியில் ஈடுபட்டவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவர்களை உரையாற்ற அழைக்காதீர்கள், பேச அழையுங்கள்.

தென்சிலுவை எழுதியது:

பெரியவர் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நடத்தும் முறைக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கிய, விண்வெளி ஆர்வலர்களின் ஸ்பேஸ்அப் சந்திப்புகளில் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிடுவதில்லை. வந்தவர்கள் தாம் பேச விரும்பும் பொருளைச் சிறு தாளில் எழுதிச் சுவரில் உள்ள கட்டங்களில் ஒட்டுவார்கள், அதுவே அன்றைய நிரலாகிவிடும். கூச்ச சுபாவமுள்ள மாணவர்கூட ஒரு தாளை ஒட்டத் துணிவார் என்பதால் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

நாளைப் பொறுத்தவரை கவனம் தேவை. முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் பறந்த ஏப்ரல் 12-ஐ உலகெங்கும் யூரி இரவாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது நமக்கு வருஷப் பிறப்பு நெருங்கும் வேளை, புயல் காலமும் முழுமையாக முடிந்திருக்காது. அக்டோபர் 4 முதல் 10 வரையிலான உலக விண்வெளி வாரம், மாணவர்களின் பொதுத்தேர்வுக் காலத்தோடு மோதுகிறது. ஆகவே, நீங்களே குறிப்பிட்ட ஜூன் 22-ஐ முதல் சந்திப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலமாதலால் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்; மேகம் வழிவிட்டால் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தை வாசலில் நின்றே காட்டலாம்.

ரெதுயி மாணவி எழுதியது:

மாணவர்கள் சார்பில் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, சந்திப்பை ஒளிப்பதிவு செய்ய வேண்டாம். கேட்டதைப் பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது என்ற சாத்தம் ஹவுஸ் விதி 1927 முதல் வழக்கில் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே அறிவித்தால், அரசுப் பணியில் இருப்பவர்களும் ஒரு திட்டம் ஏன் தாமதமானது என்று மனம் திறந்து பேசுவார்கள். வேலை தேடும் எங்களுக்கு, வெற்றிக் கதைகளைவிட அந்தப் பேச்சே பயன்படும். மற்றொன்று, மெட்ரோ நிறுத்தத்துக்கு அருகில் இடம் பாருங்கள். மாலையானால் கிராமப்புறப் பேருந்துகள் குறைந்துவிடுகின்றன. பெண்கள் பாதியில் எழுந்து போகும்படி ஆகக் கூடாது.

எபேன்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாணவி கேட்ட இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். ஐயா சொன்னபடி முதல் அழைப்பை மீனவர்களுக்கும் வாக்குவா அலுவலர்களுக்கும் அனுப்புகிறேன். அவர்கள் தயங்காமல் பேச வேண்டும் என்பதால் உரையாடல் கிரியோலில் நடக்கட்டும். காத்தோ பிமா என்னும் மிளகாய் வடையும் தேநீரும் என் பொறுப்பு. வானொலித் தொலைநோக்கியில் பணியாற்றியவர்களை ஐயா நேரில் அறிந்திருந்தால், அழைப்பை அவர்களிடம் சேர்க்க உதவ வேண்டுகிறேன்.