நாலு வேலை சொன்னால் ஒன்றுதான் நடக்கிறது: ஆப் வாங்கலாமா?

கேள்வி:
மூன்றாம் வகுப்புப் பையன். "பையை வை, கை கால் கழுவு, டிஃபன் பாக்ஸை எடுத்துப் போடு, டைரியைக் கொண்டு வா" என்றால் பையை வைத்ததோடு சரி. நினைவுப் பயிற்சி ஆப் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

பதில் 1:
கட்ட வேண்டாம். இத்தகைய பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து உளவியல் ஆய்வாளர்கள் மெல்பி-லெர்வாகும் ஹியூமும் 2013இல் எழுதினார்கள். பயிற்சியை ஒத்த சோதனைகளில் கொஞ்ச காலம் மதிப்பெண் ஏறுகிறது. வாசிப்புக்கோ கணக்குக்கோ அது போய்ச் சேரவில்லை.

ஒன்றைச் செய்துகொண்டே மற்றதை மனதில் பிடித்து வைப்பதை ஒர்க்கிங் மெமரி என்பார்கள். பெரியவர்களுக்கே ஒரே நேரத்தில் சுமார் 4 விஷயம்தான் நிற்கும் என்பது உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் சொன்ன கணக்கு. எட்டு வயதில் இன்னும் குறைவு. போகிற வழியில் டிவி ஓடினால் மிச்சமும் போச்சு.

அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், எதிரே நின்று இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். அவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தினமும் அதே நாலு வேலைதான் என்றால், அவன் கண் மட்டத்தில் நாலு படம் உள்ள அட்டையை ஒட்டி, ஓரத்தில் துணி கிளிப் ஒன்றை மாட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் கிளிப்பை அடுத்த படத்துக்கு அவனே நகர்த்த வேண்டும். கிளிப் இல்லையென்றால் அட்டை இருந்தும் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். பத்துப் படம் ஒட்டினால் அது சுவர் அலங்காரம், அவ்வளவுதான்.

பதில் 2:
நாலையும் ஒப்பிக்கிறான், ஆனால் செய்வதில்லை என்றால் கதை வேறு. உளவியலாளர் ஜெலாசோவின் சீட்டுச் சோதனையில் மூன்று வயதுப் பிள்ளைகள் முதலில் நிறம் பார்த்துச் சீட்டைப் பிரிப்பார்கள். பிறகு "இனி வடிவம் பார்த்துப் பிரி" என்று சொல்லிவிட்டு, புது விதி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கை மட்டும் பழைய நிறத்துக்கே போகும். அங்கே நினைவைவிட, பழகிய செயலை நிறுத்தி மாற்றுவதுதான் கஷ்டம்.

அதற்கு உளவியலாளர் கோல்விட்சர் சொன்ன "இது நடந்தால் இது" முறை உதவும்: "செருப்பைக் கழற்றினதும் நேரே குழாயடி." தொடக்கம் கண்ணுக்குத் தெரிகிற செயலாக இருக்க வேண்டும். "வந்ததும் ஒழுங்கா இரு" என்பதில் பிடிமானமே இல்லை. ஒரு சமயம் ஒரு ஜோடி போதும். அது சொல்லாமலே நடந்த பிறகு அடுத்தது.

கேட்டவர்:
திருப்பிச் சொல்லவும் வரவில்லை. ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறான்.

பதில் 1:
அப்படியானால் முதலில் அட்டையும் கிளிப்பும். அவன் முடிக்கும்வரை டிவி அணைந்திருக்கட்டும். காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். சளியால் காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். வகுப்பிலும் இதே கதை என்று டீச்சர் சொன்னால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.