ரெஃப்ரி கையை ஆட்டுறது ஒண்ணும் புரியலையே!

ராப்பறவை:
புதுசா என்எஃப்எல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக் ஆட்டம் பார்க்குறேன். மஞ்சள் கொடி விழுது, வெள்ளைத் தொப்பிக்காரர் வந்து என்னமோ சைகை காட்டுறார், பந்து பின்னாடி போகுது. வீட்ல எல்லாரும் தூங்குறதால சத்தமும் வைக்க முடியல. எதை முதல்ல தெரிஞ்சுக்கணும்?

பழைய ரசிகன்:
எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணாதீங்க. அடிக்கடி வர்ற தப்பு ஹோல்டிங், அதாவது எதிராளியை விதிக்கு மாறா பிடிச்சு நிறுத்துறது. ஒரு கையை முஷ்டியா மடக்கி, அந்த மணிக்கட்டை இன்னொரு கையால நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக் காட்டுவார். பந்து வச்சிருக்கிற அணி பண்ணினா 10 யார்டு பின்னாடி. தடுக்கிற அணின்னா 5 யார்டுதான், ஆனா எதிரணிக்குத் தானா ஃபர்ஸ்ட் டவுன், அதாவது புதுசா நாலு டவுன் (முயற்சி), கிடைச்சிடும். என்னைக் கேட்டா அதுதான் பெரிய வயித்தெரிச்சல்! மூணாவது டவுன், இன்னும் 15 யார்டு போகணும்ங்கிற நேரத்துல அது விழுந்தா, டிஃபென்ஸ் பட்ட பாடெல்லாம் வீண்.

இடுப்புல ரெண்டு கையையும் வச்சா ஆஃப்சைடு, அதாவது ஆட்டம் தொடங்குறப்போ கோட்டைத் தாண்டி நிக்கிறது. முன்கைகளை ஒண்ணைச் சுத்தி ஒண்ணு உருட்டினா ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது பந்து வச்சிருக்கிற அணி ஆள் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே அசையறது. ரெண்டும் 5 யார்டு.

நாலாவது டவுன்:
உருட்டுறது இல்லீகல் ஃபார்மேஷனுக்கும் (வீரர்கள் தப்பான அமைப்புல நிக்கிறது) உண்டு பாஸ். ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குறது) முன்னாடியே விசில் அடிச்சு ஆட்டத்தை நிறுத்திட்டாங்கன்னா ஃபால்ஸ் ஸ்டார்ட்.

ராப்பறவை:
சூப்பர். கையைக் கட்டிக்கிட்டு நின்னா?

பழைய ரசிகன்:
டிலே ஆஃப் கேம். கடிகாரம் முடியுறதுக்குள்ள ஸ்நாப் பண்ணல. அதுவும் 5 யார்டு. யார் மேல தப்புன்னு தெரியணும்னா, அவர் எந்தப் பக்கம் கை நீட்டுறார்னு பாருங்க.